அவள் சொன்ன வகுப்பறை

கட்டிலின் தலைமாட்டுத் திருகு மட்டும் அசைய மறுத்தது. மற்றவை கையாலேயே கழன்று வந்துவிட்டன. கட்டிலை எடுத்தால்தான் கூடம் காலியாகும்; கூடம் காலியானால்தான் அவன் மனைவியைக் கொண்டுவந்து கிடத்த முடியும். அவன் முட்டி போட்டு, குறடால் திருகைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் மாமனார் கட்டில் சாயாமல் தாங்கிப் பிடித்திருந்தார்.

வாடகைக் கட்டில். தலைப்பக்கம் உயர்த்த ஒரு கைப்பிடி, கால்பக்கம் உயர்த்த ஒரு கைப்பிடி. மாதக்கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி அவன் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. விடியும் நேரத்தில் அவள் மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அடுத்த மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கும் வேலை முடிந்துவிட்டது. அந்த மூச்சை இழுத்து விடும் வேலை அவளுக்கும் முடிந்துவிட்டது. அக்கா வந்து தோளைத் தொட்டு எழுப்பியபோது, நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டாளே என்றுதான் முதலில் நினைத்தான்.

உள்ளறையில் மாமியாரும் அக்காவும் அவளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

"மாப்ள," என்றார் மாமனார். குரலைத் தாழ்த்தியிருந்தார். "அண்ணன் கிளம்பிட்டாராம். மதியத்துக்குள்ள வந்துடுவாரு."

"சரி மாமா."

"அவரு ஏதாவது கேப்பாரு." மாமனார் கட்டில் கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "காலேஜ்னே இருக்கட்டும். இன்னிக்குப் போயி எதையும் மாத்த வேணாம்."

திருகு கொஞ்சம் இளகியது. "சரி மாமா," என்றான்.

அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியன். மாமனாரின் சொந்தபந்தத்துக்கோ கல்லூரி விரிவுரையாளன். அந்தப் பொய்க்கும் அவன் கல்யாணத்துக்கும் ஒரே வயது.

பெண் பேசி முடித்தபோது அவன் கையில் ஒரு கம்பெனியின் வேலை உத்தரவு இருந்தது. சேர்வதற்குச் சில வாரங்கள் இருந்தன. சும்மா இருப்பானேன் என்று, பிரசவ விடுப்பில் போன ஓர் ஆசிரியைக்குப் பதிலாகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கப் போனான். முதல் நாள் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினான். இரண்டாம் வாரம் கழித்தல் கணக்கு. பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்தான். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் படுத்த பிறகும் அதற்கு என்ன பதில் சொல்வதென்றே யோசித்துக்கொண்டிருந்தான். அந்த வாரக் கடைசியில் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டான்.

அப்பா அவனோடு பேசுவதை நிறுத்தினார். கூடப் படித்தவர்கள், வேறெங்கும் கிடைக்காதவன் போகிற வேலைக்குக் கிடைத்ததை விட்டுவிட்டுப் போகிறானே என்று அவன் காதுபடவே சொன்னார்கள். அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவள். "வாத்தியாருக்கு வீடு வாடகைக்குக் குடுப்பாங்க, பொண்ணு குடுக்க மாட்டாங்கடா," என்றாள். கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று மாமனார் மகளிடம் கேட்டதாகவும் கேள்வி. அவளிடம் அவனே போய்ச் சொன்னான். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. படிப்பும் சம்பாத்தியமும் அவனைவிட ஒரு படி மேல். அலுவலக வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சரியை அவன் இத்தனை வருடமாக எடைபோட்டுக்கொண்டிருந்தான். மனசாரச் சொன்ன சரியா, தலைவிதி என்று சொன்ன சரியா? கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கல்யாண வரவேற்பில் மாமனார் வந்தவர்களிடமெல்லாம் "காலேஜ் லெக்சரர்" என்று அறிமுகப்படுத்தியபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அலுவலகத்தில் வருடா வருடம் குடும்பத்தோடு ஒரு விருந்து நடக்கும். அவனை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை. "உனக்கு போரடிக்கும்," என்பாள். அங்கே தன்னை என்னவென்று சொல்லிவைத்திருக்கிறாளோ என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வான். விரிவுரையாளன் என்றா, அதற்கும் மேலேயா?

இன்று அலுவலகத்துக்காரர்கள் வருவார்கள். அவளை இனிமேல் கேட்க முடியாது. அவர்கள் தன்னை என்னவென்று அழைக்கிறார்களோ அதுதான் அவள் சொன்ன சரிக்கு அர்த்தம். பிறகு அதை மாற்ற யாராலும் முடியாது.

திருகு கழன்று தரையில் உருண்டது. மாமனார் குனிந்து எடுத்து அவன் சட்டைப்பைக்குள் போட்டார்.

காலையில் முதலில் வந்தவர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. முதல் மணி அடிப்பதற்குள் போயாக வேண்டும் என்று நின்றபடியே பார்த்துவிட்டு, அவன் திரும்பி வரும்வரை வகுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாமனார் தெருமுனை வரை கூடவே போய் அவரை வழியனுப்பினார். அவ்வளவு மரியாதையாக அவர் யாரையும் வழியனுப்பி அவன் பார்த்ததில்லை. அண்ணன் வருவதற்குள் அந்த அம்மாள் கண்மறைய வேண்டுமே என்பது அவர் கவலை.

அந்த அண்ணனுக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் கலெக்டர். அவர் எந்த ஊருக்கும் கலெக்டராக இருந்ததில்லை. யாரைப் பார்த்தாலும் விசாரணை நடத்துவார், அதனால் அந்தப் பெயர். மருமகன்கள் இருவருமே டாக்டர்கள். மாமனார் அவரிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்த டாக்டர்களில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

கலெக்டர் வந்தார். கூடத்தில் தம்பி மகளை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். அவள் நெற்றியில் கைவைத்தார். பிறகு வாசல் பந்தலுக்கு வந்து, நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். இப்போது எந்தப் பாடம் எடுக்கிறார், பெரிய வகுப்புகளுக்கும் போகிறாரா, துறைத் தலைவராக எவ்வளவு காலம் ஆகும். அவன் "ம்" என்றும் "பாக்கணும்" என்றும் சொல்லிவைத்தான். மாமனார் பக்கத்திலேயே நின்று, அவன் விட்ட இடங்களையெல்லாம் பூசி மெழுகிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருக்காரர்கள் மொத்தமாக வந்து வாசலில் நெருக்கியடித்தார்கள். ஒரு முதியவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவன் எழுந்து போனான். எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. அடிவயிற்றிலிருந்து அந்தக் குரல் கிளம்பிவிட்டது.

"ஒருத்தர் பின்னால ஒருத்தர். யாரும் தள்ளக் கூடாது. பார்த்தவங்க அந்தப் பக்கமா வெளிய வாங்க."

சொன்னதோடு விட்டிருக்கலாம். உதட்டில் விரலை வைத்துக் காட்டியும் விட்டான். பந்தலே ஓசையடங்கியது. தலை நரைத்தவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். செல்பேசியை வெளியே எடுத்த ஒருவர், அவன் பார்க்கிறான் என்றதும் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காலேஜ்லயும் இப்படித்தானா மாப்ள?" என்றார் கலெக்டர்.

"முதல் வருஷத்துப் பசங்கண்ணே," என்று மாமனார் முந்திக்கொண்டார். "எல்லாம் பச்சப் புள்ளைங்க மாதிரிதான் இருக்கும்."

அலுவலக வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அவன் குடிதண்ணீர் கேன் மாற்றப் போகிறேன் என்று எழுந்து பின்பக்கம் போனான். கேன் நிறைந்திருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஓடி ஒளியறதுக்கு நல்ல நாள் பார்த்தே. போடா முன்னால," என்றாள்.

அவன் போனபோது அவர்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பந்தலுக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலியின் பக்கத்தில் உட்காராமல் நின்றார்கள். பருத்த உடம்போடு மேலாளர். அவருக்குப் பக்கத்தில் கண் வீங்கிய ஓர் இளம்பெண். மனைவியின் பக்கத்து மேசைக்காரி என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பெண்தான் அவனிடம் வந்தாள்.

"நீங்கதானே மூணாம் வகுப்பு சார்?"

அழுது அழுது கட்டிப்போன குரல். ஆனாலும் பந்தல் முழுக்கக் கேட்டது. தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த மாமனார் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"உங்களைப் பார்த்ததே இல்லையா, யார் கையைப் பிடிக்கறதுன்னு தெரியாம நின்னுட்டோம்." கையைப் பிடித்துக்கொண்டாள். "மழைக்காரி எப்படி இருக்கா சார்?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காரி அவன் வகுப்புச் சிறுமி. வானம் கறுத்தாலே அழ ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பெயர் அவன் வைத்தது. வகுப்பில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவள் காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ அவளிடம் மட்டும் சொல்வான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அப்புறம்?" என்பாள். பேச்சுக்குக் கேட்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தான்.

மேலாளர் வேறொருவனை விசாரித்தார். பெரியவர்களானால் என்ன ஆகப்போகிறீர்கள் என்று அவன் ஒருநாள் வகுப்பில் கேட்டபோது எல்லோரும் டாக்டர், விமானி என்று அடுக்க, ஒரு பையன் மட்டும், சார் வராத அன்றைக்கு வருகிற சார் ஆகப்போகிறேன் என்றான். அந்த சார் வந்தால் பாடமே நடக்காது, நாள் முழுக்க விளையாடலாம் என்பது அந்தப் பையனின் கணக்கு. அவன் இன்னும் அதே முடிவில்தான் இருக்கிறானா என்று கேட்கும்போதே மேலாளரின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல அவனுக்கு விளங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே அவள்தான் பேசுவாளாம். முந்தின நாள் சாயங்காலம் அவன் சொன்னது மறுநாள் மதியம் அந்த மேசைக்குப் போய்விடும். கட்டடமே இடிந்து விழுந்தாலும் கதை முடியாமல் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம் என்றார் மேலாளர். கட்டடம் கட்டுகிறவர் வாயில் வரக்கூடாத பேச்சு. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"விருந்துக்கு உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி வருஷா வருஷம் சண்டை போடுவோம் சார்," என்றாள் பக்கத்து மேசைக்காரி. "முடியாதுன்னுட்டாங்க. அவரு வந்துட்டா கதைய நேரா அவர்கிட்டயே கேட்டுக்குவீங்க, அப்புறம் என்னை யாரு சீண்டுவாங்கன்னு கேப்பாங்க."

அவன் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். வருடக்கணக்கில் எங்கோ இறுகிக்கிடந்த ஒன்று முதுகுத்தண்டு வழியாக இறங்கிப் போனது. அதற்குப் பெயர் வைக்க அவன் முயலவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகும் அவள் விடவில்லையாம். மதியம் அவளே போனில் கூப்பிடுவாளாம். போனை மேசை நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். அவனுக்கு இது தெரியாது. அந்த நேரத்தில்தான் அவன் மாமியாரை உட்காரவைத்துவிட்டுக் குளிக்கவும் மருந்துக்கடைக்கும் போவான்.

"போன வாரம்கூடச் சொன்னாங்களே சார். பசங்க உங்களை வெளிய நிறுத்திட்டுக் கதவைச் சாத்திட்டாங்கன்னு."

போன வாரம் அவன் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. அதற்கு முந்தின வாரமும் போகவில்லை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு இந்தக் கூடத்திலேயே கிடந்தான். சாயங்காலங்களில் சொல்வதற்கு அவனிடம் எதுவும் இருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவன் போகாத வகுப்பை அவள் படுத்த இடத்திலிருந்தே நடத்தியிருக்கிறாள்.

"ம்," என்றான். "சாத்திட்டாங்க."

"கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் உள்ள விடுவோம்னாங்களாமே. மழைக்காரிதான் கேட்டாளாம், சார், நீங்க பெரியவனானா என்ன ஆகப்போறீங்கன்னு."

பந்தலில் ஒருவர் லேசாகச் சிரித்தார்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டோம். அதுக்குள்ள அவங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு. நாளைக்குச் சொல்றேன்னாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் கூப்பிடவே இல்ல."

மேலாளர், தெருக்காரர்கள், கலெக்டர், எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். மாமனாரும் பார்த்தார். இன்னும் ஒன்றும் முழுசாகக் கைமீறிப் போய்விடவில்லை, எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது போல அவர் கண் கெஞ்சியது.

"என்ன சார் சொன்னீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தான்.

"நீங்கள்லாம் அடுத்த வருஷம் நாலாவது போயிடுவீங்க. நான் மூணாவதுலயேதான் இருப்பேன்னு சொன்னேன்."

"அதுக்குப் பசங்க?"

"ஃபெயிலா சார்னு கேட்டாங்க."

மேலாளருக்குத்தான் முதலில் பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி கண்ணீரோடு சிரித்தாள். துக்க வீடு என்பதை மறந்து பின்வரிசைகூடச் சிரித்தது. என்ன சத்தம் என்று அக்கா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"உள்ள விட்டாங்களா இல்லையா?" என்றார் மேலாளர்.

"விட்டாங்க."

சிரிப்பு ஓய்ந்த பிறகு கலெக்டர் தம்பியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "மூணாவதாடா?"

மாமனார் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். இதற்குமேல் பூசுவதற்கு அவரிடம் சாந்து இல்லை. "மூணாவதுதாண்ணே," என்றார்.

"உன் பொண்ணு கல்யாணத்தன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டா," என்றார் கலெக்டர். "பெரியப்பா, அப்பா வந்து காலேஜ்னு சொல்வாரு, தலையை ஆட்டிக்கோங்க. இவரு மூணாம் வகுப்பு வாத்தியாரு, நான் கேட்டுத்தான் கட்டிக்கிட்டேன்னா."

"அப்ப ஏண்ணே இத்தனை வருஷமா அந்தக் கேள்வி கேட்டீங்க?"

"நீ எப்பத்தான் விடுவேன்னு பார்த்தேன். எந்த டிபார்ட்மெண்டுன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றே. எனக்கே சலிச்சுப்போச்சு."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் ஒரு நிமிடமும் உட்காரவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்தவர்களுக்கென்று கொண்டுவந்த தேநீரில் ஒன்றைத் தானே எடுத்து, ஆறிப்போயிருந்ததைப் பொருட்படுத்தாமல், ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. அவளைத் தூக்கியபோது அவன் தலைப்பக்கம் பிடித்தான். கனமே இல்லை. மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது.

வெயில் தாழ்ந்து திரும்பி வந்தபோது நாற்காலிக்காரர்கள் வந்து அடுக்கி எடுத்துப்போய்விட்டிருந்தார்கள். கலெக்டர் கிளம்பும்போது அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; தோளைத் தட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு எப்போது போகப்போகிறாய் என்று அக்கா கேட்டாள். திங்கட்கிழமை என்றான். அக்கா சோறு போட்டாள். அவன் கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டான். உப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. உப்பு தெரிந்து சாப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

கை கழுவும் இடத்தில் மாமியார் நின்றிருந்தார். மதியம் அவள் போனில் பேசியது உங்களுக்குத் தெரியுமா அத்தை என்று கேட்டான்.

"தலகாணிய முதுகுக்கு முட்டுக் குடுத்து நான்தானே உட்கார வைப்பேன்," என்றார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. பாதிக்குமேல அவளா கட்டி விடறதாம். தெரிஞ்சா சிரிப்பீங்களாம்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பின்பக்கக் கொடியில் நேற்றுத் துவைத்த படுக்கை விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்து கிடந்தன. நேற்றும் இன்றும் யாரும் அவற்றை எடுக்கவில்லை. அவன் ஒன்றை உருவினான். அகலமான விரிப்பு, தனியாளாக மடிக்க வரவில்லை, நுனி தரையில் புரண்டது. மாமனார் எங்கிருந்தோ வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் பின்னால் நகர்ந்து அதை இழுத்து விறைப்பாக்கினார்கள்.

"நாலாவது போற பசங்க உங்களை மறந்துடுவாங்களா மாப்ள?"

"கொஞ்ச நாள் ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பாங்க மாமா. அப்புறம் மறந்துடுவாங்க."

"ம்," என்றார் மாமனார். நுனியை நேராக்கிக்கொண்டு, "புதுப் பசங்க வந்துடுவாங்க," என்றார்.

"வந்துடுவாங்க."

விரிப்பை இரண்டாக மடித்தார்கள். பிறகு முனைகளைக் கையில் பிடித்தபடி ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். மாமனார் தன் பக்கத்து நுனிகளை அவன் கையில் வைத்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுக்கக் கொடிப்பக்கம் போனார்.